காரைக்காலைப் பிடித்துக் கொடுத்த சந்தா சாகிப்: பதவி ஆளைக் கெடுத்ததா, கெடக்கூடிய ஆள் பதவியைத் தேடினாரா?

நாகூரைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனால் வாஞ்சூர். அங்கேயே மாநிலம் மாறிவிடும். பெட்ரோல் விலை மாறும், போலீஸ்காரர் தலையில் இருக்கும் தொப்பி மாறும். காரைக்கால் டவுனைக் கடந்து பூவம் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவில் சுமார் 160 சதுர கிலோமீட்டர் மட்டும் தனியாக, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு மாவட்டமாக இருக்கிறது. அதே காவிரித் தண்ணீர், அதே நெல், அதே பேச்சு. ஆட்சி மட்டும் வேற.

ஏன் இப்படின்னு கேட்டா, பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஊர் என்று சொல்லிவிடுவோம். ஆனால் அவர்கள் கைக்கு இந்த ஊர் எப்படிப் போனது? தஞ்சாவூர் ராஜாவுக்குச் சொந்தமான ஊரை, தஞ்சாவூருக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் படை அனுப்பிப் பிடித்துக் கொடுத்தார். அவர்தான் சந்தா சாகிப். பள்ளிக்கூடப் பாடத்தில் கர்நாடகப் போர்கள் என்று வரும் இடத்தில் ஒரு வரியில் வந்துபோகும் பெயர். அவருடைய வாழ்க்கையை முழுசாகப் பார்த்தால், இன்றைக்கும் தேர்தல் நேரத்து டீக்கடையில் பேசப்படும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும். பதவி நல்ல மனுஷனைக் கெடுக்கிறதா, இல்லை கெடக்கூடிய மனுஷன்தான் பதவியைத் தேடிப் போகிறானா?

நவாப் வீட்டு மாப்பிள்ளை

சந்தா சாகிப்பின் இயற்பெயர் உசேன் தோஸ்த் கான். ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கானின் மகளைக் கல்யாணம் செய்தவர். மாமனார் ஆட்சியில் திவானாகவும் இருந்தார். வரி வசூல், கணக்கு வழக்கு, படைக்குச் சம்பளம் என எல்லாமே திவான் கையில். நாற்காலி மட்டும் அவருடையது இல்லை. நவாபுக்கு சப்தர் அலி என்று மகன் இருந்தார். எவ்வளவு திறமை காட்டினாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்.

அவர் மோசமான ஆள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. எதிர்முகாமான ஆங்கிலேயக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம்கூட அவரைத் துணிச்சல்காரர், இரக்க குணம் உள்ளவர், தாராள மனசுக்காரர், போர்த்திறனில் தன் காலத்தவரை மிஞ்சியவர் என்றுதான் எழுதியிருக்கிறார். நல்ல குணம் இருந்தது, திறமையும் இருந்தது. ஆனால் நாற்காலி என்று வந்துவிட்டால் கொடுத்த வாக்கு அவருக்குப் பெரிசாகத் தெரியவில்லை.

திருச்சியில் உடைந்த சத்தியம்

1732-ல் மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவர் மனைவி ராணி மீனாட்சி, சொந்தக்காரப் பையன் ஒருவனைத் தத்தெடுத்துத் திருச்சிராப்பள்ளியில் இருந்தபடி ஆட்சியைக் கவனித்தார். அந்தப் பையனுடைய சொந்த அப்பா பங்காரு திருமலை, எனக்குத்தான் உரிமை என்று கிளம்பினார். அடுத்த ராஜா யார் என்பதற்குத் தெளிவான விதி கிடையாது. ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு படை.

வீட்டுச் சண்டை முற்றிய நேரத்தில் 1734-ல் ஆற்காட்டுப் படை திருச்சிப் பக்கம் வந்தது. சப்தர் அலியும் சந்தா சாகிப்பும் அதன் தலைவர்கள். பங்காரு திருமலை, தனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால் முப்பது லட்சம் தருவதாக சப்தர் அலியிடம் பேசி முடித்தார். சப்தர் அலி ஊர் திரும்பிய பிறகு, ராணி மீனாட்சி சந்தா சாகிப்பிடம் ஒரு கோடி ரூபாய் தருவதாகச் சொல்லிப் பாதுகாப்புக் கேட்டார். அவரும் குர்ஆன் மீது சத்தியம் செய்து வாக்குக் கொடுத்தார் என்கின்றன பழைய வரலாறுகள். துணிக்குள் இருந்தது புனித நூல் இல்லை, வெறும் செங்கல் என்று ஒரு கதையும் உண்டு. அது உண்மையோ பின்னால் சேர்ந்ததோ, சத்தியம் நிலைக்கவில்லை என்பதில் சந்தேகம் இல்லை.

முதல் தடவை பணத்தை வாங்கிக்கொண்டு போனவர், 1736-ல் திரும்பி வந்தபோது கோட்டையையே எடுத்துக்கொண்டார். பங்காரு திருமலையின் ஆட்களை முறியடித்தார். யாரைக் காப்பாற்றுவதாகச் சொன்னாரோ அந்த ராணியையே சிறை வைத்தார். மீனாட்சி விஷம் குடித்து உயிரை விட்டார். இரண்டு நூற்றாண்டு மதுரை நாயக்கர் ஆட்சி அதோடு முடிந்தது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். 1734-ல் சந்தா சாகிப் கோட்டையைப் பிடிக்கவில்லை. உதவிக்கு விலை மட்டும் வாங்கினார். அதற்கு யாரும் தண்டிக்கவும் இல்லை, கணக்கும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே மனிதருக்கு ஒரு ராஜ்யமே கைக்கு எட்டுகிற பொருளாகத் தெரிந்தது. முதல் படியில் யாரும் தடுக்காததால் அடுத்த படி சுலபமாகிவிட்டது.

திருச்சி கையில் வந்ததும் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் தன் சகோதரர்களையே பொறுப்பில் வைத்தார். வாக்கை மீறி வந்தவருக்கு அடுத்தவர் வாக்கை நம்புவது கஷ்டம். அதனால் ரத்த உறவைத் தவிர வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

அடுத்தவன் ஊரைப் பரிசாகக் கொடுத்த கதை

இதே நேரத்தில் தஞ்சாவூரிலும் நாற்காலிச் சண்டை. 1736-க்குப் பிறகு மூன்று வருஷத்துக்குள் பல பேர் ஏறி இறங்கினார்கள். 1738-ல் விரட்டப்பட்ட சாகுஜி, புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர் துய்மாவிடம் உதவி கேட்டார். சிம்மாசனத்தைத் திரும்பப் பிடிக்க ஒத்தாசை செய்தால், ஐம்பதாயிரம் சக்கரப் பணத்துக்குக் காரைக்காலையும் சுற்றியுள்ள கிராமங்களையும் தருவதாக ஒப்பந்தம்.

பதவிக்காக ஊரை விற்கத் தயாரான சாகுஜி, பதவி கிடைத்ததும் பின்வாங்கினார். வேறு வழியில் சிம்மாசனம் வந்துவிட்டதே, இனி எதுக்குக் கொடுக்கணும்? நாகப்பட்டினத்தில் இருந்த டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர் பக்கத்திலேயே வந்து உட்காருவதை விரும்பவில்லை. பிரெஞ்சுக் கப்பல்கள் கடற்கரையில் வந்து நின்றும் ஆள் இறக்க முடியவில்லை.

அப்போதுதான் சந்தா சாகிப் குறுக்கே வந்தார். தஞ்சாவூரோடு அவருக்கு ஏற்கெனவே பகை. தன் செலவில், தன் படையை வைத்தே காரைக்காலைப் பிடித்துத் தருவதாகத் துய்மாவிடம் சொன்னார். சொன்னபடி செய்தும் காட்டினார். 1739 பிப்ரவரி 14-ம் தேதி காரைக்கால், கருக்களாச்சேரிக் கோட்டை, சில கிராமங்கள் எல்லாம் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. அடுத்து வந்த தஞ்சை அரசர் பிரதாப சிங்கும் பணத்துக்காகப் பேரம் பேசி, 1740-ல் திருமலைராயன்பட்டினத்தையும் கிராமங்களையும் விட்டுக் கொடுத்தார்.

சந்தா சாகிப் இதில் நேரடியாக ஒரு காசுகூடப் பெறவில்லை. அப்போ என்ன லாபம்? துப்பாக்கியும் கப்பலும் வைத்திருக்கும் ஒரு நண்பர். தனக்குச் சொந்தமில்லாத ஊரைக் கொடுத்து, தனக்கு வேண்டிய நட்பை வாங்கினார். அந்த ஊரில் அன்றைக்கு உழுதவர், நெய்தவர், மீன் பிடித்தவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கணும் என்று அந்தக் காலத்து ஆட்சியாளர் யாருக்கும் தோன்றியதும் இல்லை.

சதாராவில் ஏழு வருஷம்

அந்த நட்பு உடனே உதவியது. 1740-ல் ரகோஜி போன்ஸ்லே தலைமையில் மராத்தியப் படை வந்தது. தாமல்செருவுக் கணவாயில் நடந்த போரில் நவாப் தோஸ்த் அலி இறந்தார். நவாப் குடும்பமும் சந்தா சாகிப்பின் மனைவி மக்களும் புதுச்சேரிக்கு ஓடி வந்தார்கள். அவர்களை ஒப்படைக்கச் சொல்லி மராத்தியர் மிரட்டியும் துய்மா மறுத்துவிட்டார்.

ஆனால் சந்தா சாகிப்பால் திருச்சியைக் காப்பாற்ற முடியவில்லை. 1741 மார்ச்சில் கோட்டை விழுந்தது. அவரைக் கைது செய்து சதாராவுக்குக் கொண்டுபோனார்கள். மராத்தியர் திருச்சிப் பக்கம் திரும்பியதற்குப் பின்னால் மைத்துனர் சப்தர் அலியின் ரகசியப் பேச்சும் இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சந்தா சாகிப் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டார் என்ற பயம்தான் காரணம். அந்த சப்தர் அலியையும் 1742-ல் வேலூரில் வைத்து இன்னொரு மைத்துனர் முர்தசா அலி கொலை செய்ய வைத்தார். அவருடைய சின்னப் பையனும் இரண்டு வருஷத்தில் கொல்லப்பட்டான். கடைசியில் ஹைதராபாத் நிஜாம், அன்வருதீன் என்பவரை நவாபாக அனுப்பினார்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் சந்தா சாகிப் ஒருத்தர்தான் கெட்டவர் என்று சொல்ல வாய்ப்பில்லை. ஆற்காடு, தஞ்சாவூர், திருச்சி எல்லா இடத்திலும் ஒரே கதை. இந்து அரசர், முஸ்லிம் நவாப், ஐரோப்பியக் கம்பெனி என்ற வித்தியாசமே இல்லை. நாற்காலிக்கு விதி இல்லாத இடத்தில், விதியை மீறத் துணிந்தவர்தான் போட்டியில் கடைசிவரை நிற்கிறார். வாக்கைக் காப்பாற்ற நினைப்பவர் நடுவிலேயே விலகிவிடுகிறார், இல்லை ராணி மீனாட்சி மாதிரி அழிந்துபோகிறார்.

கடன் வாங்கிய அதிகாரம்

1748-ல் மீட்புப் பணம் பேசி சந்தா சாகிப் விடுதலையானார். அதில் பிரெஞ்சுக்காரர் துணை இருந்தது. அப்போது புதுச்சேரி கவர்னர் துய்ப்ளெக்ஸ். அதே வருஷம் நிஜாமும் இறக்க, அவருடைய மகன் நாசிர் ஜங்கும் பேரன் முசபர் ஜங்கும் பதவிக்கு மோதினார்கள். முசபர் ஜங், சந்தா சாகிப், துய்ப்ளெக்ஸ் மூவரும் கூட்டுச் சேர்ந்தனர். 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி ஆம்பூர் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். சந்தா சாகிப் நவாப் ஆனார்.

ஆசைப்பட்டது கிடைத்தாச்சு. ஆனால் கிடைத்த அன்றிலிருந்தே தவணை கட்ட வேண்டியதாயிற்று. புதுச்சேரியைச் சுற்றியுள்ள வில்லியனூர், பாகூர் பகுதிக் கிராமங்கள் பிரெஞ்சுக்காரருக்குப் போயின. படைக்குச் சம்பளப் பாக்கி ஏறிக்கொண்டே இருந்தது. முகமது அலியைத் திருச்சியில் உடனே போய் முடித்திருந்தால் போர் அங்கேயே முடிந்திருக்கலாம். துய்ப்ளெக்ஸின் யோசனையும் அதுதான். ஆனால் கையில் காசில்லாத நவாப், பணக்கார ஊரான தஞ்சாவூர் பக்கம் படையைத் திருப்பினார்.

பிரதாப சிங் லேசுப்பட்டவர் இல்லை. இன்னைக்கு நாளைக்கு என்று பேச்சை இழுத்தார். 1749 டிசம்பரில் 70 லட்சம் ரூபாயும், பிரெஞ்சுக்காரருக்குக் காரைக்காலைச் சுற்றி 81 கிராமங்களும் தருவதாக ஒப்புக்கொண்டார். பணத்தையோ நகை, பாத்திரம், பழைய நாணயம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தார். அதற்குள் நாசிர் ஜங் பெரும்படையோடு தெற்கே வந்துவிட, சந்தா சாகிப் முற்றுகையை விட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. பத்து வருஷத்துக்கு முன் நட்புக்காகக் கொடுத்த அதே காரைக்கால், இப்போது கடனுக்கு வட்டி மாதிரி மறுபடியும் வளர்ந்தது.

ஆங்கிலேயரும் சும்மா இல்லை. அதே 1749-ல், பதவி இழந்த சாகுஜியைத் திரும்ப அரசராக்குவதாகச் சொல்லி அவர்கள் தஞ்சாவூர் எல்லைக்குள் படை நடத்தினார்கள். கொள்ளிட முகத்துவாரத்தில் இருந்த தேவிக்கோட்டை கைக்கு வந்ததும் சாகுஜியைக் கைவிட்டு, பிரதாப சிங்கோடு சமாதானம் செய்துகொண்டார்கள். காரைக்காலைத் தருவதாகச் சொல்லி ஏமாற்றியவர், தேவிக்கோட்டையில் தானே ஏமாந்தார்.

1750 டிசம்பரில் நாசிர் ஜங் கொல்லப்பட்டதும் சந்தா சாகிப்பின் கை ஓங்கியது. ஆனால் திருச்சி மட்டும் விழவே இல்லை. 1751-ல் அதை முற்றுகையிட்டிருந்தபோது, ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்துக்கொண்டார். மீட்கப் போன சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப், ஐம்பது நாள் முற்றுகையிட்டும் தோற்றார். அந்த ஐம்பது நாளில் போரின் திசையே மாறிவிட்டது.

போய்ச் சேராத ஊர்

1752 கோடையில் சந்தா சாகிப்பும் ஜாக் லா தலைமையிலான பிரெஞ்சுப் படையும் ஸ்ரீரங்கம் தீவுக்குள் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். சுற்றிலும் ஆங்கிலேயர், முகமது அலி, மைசூர், மராத்தியர், தஞ்சாவூர்ப் படைகள். சாப்பாடு குறைய, வீரர்கள் கூட்டம் கூட்டமாக விட்டுப் போனார்கள்.

தப்பிக்க ஒரே வழி, எதிரிகளில் ஒருத்தரை விலைக்கு வாங்குவது. தஞ்சாவூர்த் தளபதி மானோஜியிடம் பேரம் நடந்தது. பணமும் பதவியும் தருவதாகப் பேச்சு. மானோஜி ஆயுதத்தின் மீது சத்தியம் செய்து, சந்தா சாகிப்பைப் பத்திரமாக அனுப்பி வைப்பதாக வாக்குக் கொடுத்தார். எங்கே அனுப்புவதாகப் பேச்சு தெரியுமா? காரைக்காலுக்கு. பல்லக்கும் காவல் குதிரை வீரர்களும் தயார் என்று காட்டியதாக அந்தக் கால ஆங்கில வரலாறு சொல்கிறது.

தஞ்சாவூரிடமிருந்து பறித்த ஊருக்கு, தஞ்சாவூர்க்காரரே தன்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று அவர் நம்பினார். வேறு வழி இல்லாததால் நம்பினார் என்றுதான் சொல்லணும். மானோஜியின் கூடாரத்துக்குள் போனதும் விலங்கு மாட்டினார்கள். கைதி யாருக்கு என்று கூட்டணிக்குள் சண்டை வந்தது. ஆளாளுக்கு அவரைத் தங்களிடம் கொடுக்கச் சொன்னார்கள். சண்டையை முடிக்க மானோஜி அவர் தலையை வெட்டச் சொன்னார். 1752 ஜூன் மாதம் அது. வெட்டிய தலை, திருச்சிக் கோட்டையில் இருந்த முகமது அலியிடம் போனது. கோட்டைக்குள் ராணி மீனாட்சிக்குச் சத்தியம் செய்தவர், அதே கோட்டைக்கு எதிரே, ஆற்றுக்கு அப்பால், இன்னொருவர் சத்தியத்தை நம்பி முடிந்துபோனார்.

அப்போ எது முதல்?

அதிகாரம் மனிதனைக் கெடுக்கும், முழு அதிகாரம் முழுசாகக் கெடுக்கும் என்ற கருத்தை 1887-ல் ஆக்டன் பிரபு எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது பாதிதான். எந்த மாதிரி ஆள் அந்த இடத்துக்கு வருகிறார் என்பது மீதிப் பாதி. சந்தா சாகிப் வாழ்க்கையில் இரண்டையும் பார்க்கலாம். திருச்சிக்குப் போகும்போதே அவருக்கு வாக்கு இரண்டாம்பட்சம். ஆனால் 1734-ல் பணம் மட்டும் வாங்கியவர், 1736-ல் ராஜ்யத்தை எடுத்து, 1739-ல் அடுத்தவர் ஊரைப் பரிசளித்து, 1749-ல் கடனுக்காக ஊரைக் கொள்ளையடிக்கப் போனாரே, அது பதவி செய்த வேலை. ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கட்டாயமாக்கியது.

இதைத் தடுக்க முடியாதா? தமிழ்நாட்டிலேயே அதற்கு எண்ணூறு வருஷம் முன்பு ஒரு முயற்சி நடந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபை வாரியங்களுக்கு யார் வரலாம் என்று சொல்வதைவிட, யார் வரக்கூடாது என்பதை அவை விலாவாரியாகச் சொல்கின்றன. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரரும் வரக்கூடாது. கடந்த மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவரும் வரக்கூடாது. மற்றவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஒரு வருஷம் முடிந்தால் இறங்கிவிட வேண்டும்.

அது எல்லாருக்கும் பொதுவான ஜனநாயகம் இல்லை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமான சபை. ஆனால் அந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கும் புரிதல் கூர்மையானது. பதவிக்கு அலைகிறவரைக் குடவோலை தடுக்கிறது. ஏறியவர் கெட்டுப்போக நேரம் கொடுக்காமல் ஒரு வருஷக் கெடு தடுக்கிறது. மைத்துனர், சகோதரர் என்று வளைத்துப்போடுவதை உறவினர் தடை தடுக்கிறது. கணக்கு கேட்பது எல்லாவற்றுக்கும் அடிப்படை. சந்தா சாகிப்பின் ஆற்காட்டில் இதில் ஒன்றுகூட இல்லை.

வென்ற முகமது அலிக்கும் இதே கதிதான், கொஞ்சம் மெதுவாக. ஆங்கிலேயர் படையை நம்பி நவாப் ஆனவர், அந்தப் படைச் செலவுக்காக அவர்களிடமே கடன்மேல் கடன் வாங்கினார். 1795-ல் அவர் இறந்து ஆறு வருஷத்தில், 1801-ல், கர்நாடக ஆட்சி முழுக்க கம்பெனி வசமானது. இன்று திருச்சி நத்தர்வலி தர்காவுக்குப் போனால் சந்தா சாகிப், முகமது அலி இருவரின் சமாதியும் அங்கேயே இருக்கின்றன. ஒரு நாற்காலிக்காகத் தெற்கு முழுவதையும் போர்க்களமாக்கிய இருவரும் ஒரே வளாகத்தில்.

காரைக்கால் மட்டும் அந்தச் சண்டையின் மிச்சமாக நின்றது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிறகு திரும்பக் கொடுத்தார்கள். இப்படிப் பல தடவை கை மாறி, 1954 நவம்பர் 1-ல்தான் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அந்த 215 வருஷத்தில் ஊர் பல முறை கொடுக்கப்பட்டது, வாங்கப்பட்டது, அடகுபோல் பேசப்பட்டது. ஊர்க்காரரைக் கேட்டது மட்டும் ரொம்பக் கடைசியில்தான். இன்று வாஞ்சூரில் வண்டியை நிறுத்தி பெட்ரோல் போடுகிறவர் கடப்பது வெறும் மாநில எல்லை இல்லை. கணக்குக் கேட்க யாரும் இல்லாத காலத்தில் ஒருவர் நட்புக்காகப் போட்ட கோடு அது.